செல்லாதவை

காலையில் வரலாறு, இரண்டாம் மாடி.
மதியத்துக்கு மேல் அரசியல் அறிவியல்,
அதே கட்டடத்தின் கீழ்த்தளம்.
நடுவில் நாற்பத்தோரு படிகள்,
பீன்ஸ் பொதித்த ஒரு லோபியானி ரொட்டி,
தாம்தாவும் நானும் பாதிப்பாதி.

மேலே பேராசிரியர் ஜும்பேர் சொல்வார்,
தேதி இல்லாத தாளை நம்பாதே.
கீழே எங்களைவிட ஆறு வயதே மூத்த எலிசோ சொல்வாள்,
ஒற்றை ஆளை நம்பாதே, ஆயிரம் பேரைக் கொண்டு வா.
ஏறி இறங்குவதற்குள்
நம்புவதற்கென்று யாரும் மிஞ்சுவதில்லை.

அக்டோபரில் குத்தாயிசியில் உள்ளாட்சித் தேர்தல்.
எண்ணும் வேலைக்குப் போனேன்.
பாதி வாடகை தேறும்.
பள்ளிக்கூடத்து விளையாட்டு அறை,
கூடைப்பந்து வளையத்தின் கீழ் நீள மேசை,
சுவரில் ரியோனி ஆற்றின் ஈரம்.
நள்ளிரவு தாண்டி ஒரு சீட்டை விரித்தேன்.
எந்த எண்ணுக்கும் வட்டமில்லை.
குறுக்கே, நீல மையில், அவசரமில்லாத கையெழுத்து:
"லிஃப்டைச் சரி செய்யுங்கள். நாற்பத்தாறாம் எண், ஏழாம் மாடி.
என் கணவர் தரை மிதித்து மூன்று வருடம்."

தலைமை அலுவலர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.
செல்லாது.
முத்திரை குத்தி, நூல் கட்டி, உறையிலிட்டோம்.
செல்லாதவை: முப்பத்தேழு.

மறுவாரம் ஆவணக் காப்பகம்.
1934. கூட்டுப்பண்ணைத் தலைவருக்கு ஒரு மனு.
"எருமையைக் கொண்டு போனீர்கள். சரி.
கன்று இரவெல்லாம் கத்துகிறது.
அதையும் கொண்டு போங்கள்."
ஓரத்தில் சிவப்புப் பென்சில்:
நடவடிக்கை தேவையில்லை.

தொண்ணூறு வருடம் கழித்து ஒருத்தி
கையுறை மாட்டிக்கொண்டு
பார்த்திராத எருமைக்காக மூக்கை உறிஞ்சுகிறாள்.
இதற்கு மதிப்பெண் உண்டு.

லிஃப்டைப் பற்றி எலிசோவிடம் கேட்டேன்.
கோபமா, குறும்பா, கிறுக்கா,
தரவு சொல்லாது என்றாள்.
ஜும்பேரிடம் கேட்டேன்.
ஐம்பது வருடம் போகட்டும், ஆவணமாகிவிடும் என்றார்.
அதற்குள் உறையை எரித்துவிடுவார்களே என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாம்தாவோடு போனேன்.
காசு போட்டால் ஏறுகிற பழைய லிஃப்ட்.
பெட்டியின் வாயில்
யாரோ திணித்த செல்லாக்காசு.
நூற்றுப் பன்னிரண்டு படி.
ஏழாம் மாடியில் நான்கு கதவுகள்,
ஒன்றின் பின்னால் கால்பந்து வர்ணனை.
தட்டக் கை தூக்கினேன்.
"என்ன சொல்வாய்?" என்றாள் தாம்தா.

உங்கள் சீட்டை வாசித்தேன் என்றா?
ரகசிய வாக்கு.
முதலாண்டு, மூன்றாவது பாடம்.
எழுபது பக்கம் எழுதித் தேறியிருக்கிறேன்.

தூக்கிய கையோடு கொஞ்ச நேரம்.
உள்ளே யாரோ கோல் போட்டார்கள்.
ஓர் ஆள் இருமிச் சிரித்தார்.

இறங்கி வந்து நகராட்சிக்கு மனு எழுதினேன்.
கட்டட எண், காசுப்பெட்டி, படிகளின் எண்ணிக்கை.
தேதி போட்டிருக்கிறேன்.
ஆயிரம் பேர் இல்லை, தாம்தாவும் நானும்தான்.
ஓரத்தில்
இடம் தாராளமாக விட்டிருக்கிறேன்.