மூன்றாம் ஜன்னல்

காவேரிப்பட்டணம் சுகாதார நிலையத்தில்
என்னுடையது மூன்றாம் ஜன்னல்.
காசநோய் மாத்திரை, இரும்புச்சத்து, இருமல் டானிக்.

மாதேஸ்வரி மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிப்பவள்.
நாற்பத்தொரு கிலோ.
எனவே தினம் மூன்று மாத்திரை,
வெறும் வயிற்றில், ஆறு மாதம்.
"ஒண்ணுக்கு செவப்பாப் போகும், பயப்படாதே."
இதை மட்டும் எல்லோரிடமும் மறக்காமல் சொல்லிவிடுவேன்.
"சீசன்ல எங்களுக்குக் கையெல்லாம் மஞ்சள்தான் மேடம்,
இனி அதுவுமா?" என்று சிரித்தாள்.

காலை ஆறரைக்கு விழுங்கியது
எட்டரைக்கெல்லாம் ஆலைக் கழிப்பறையில்
காவிமண் கரைத்த தண்ணீராய் இறங்கியது.
வியர்வையில் கொஞ்சம்.
மேஸ்திரி திட்டிய அன்று கண்ணீரில் கொஞ்சம்.
துடைத்த முந்தானையில் கறை
இரண்டு துவைப்புக்கும் போகவில்லை என்று காட்டினாள்.
முழுங்கியதற்குச் சாட்சி அதுதான் என்றேன்,
பெருமையாக.

கல்லீரல் நான் படித்த புத்தகத்தில் ஓர் அட்டவணை.
இந்த ஊரில் அது மே மாதத்து மாங்காய் மண்டி.
லோடு கூடினால் ஆள் கூட்டுவார்கள்.
தினமும் அதே சிவப்பு லோடு வந்து நிற்கவும்
பத்துப் பன்னிரண்டு நாளில்
அவள் கல்லீரலும் ஆள் சேர்த்தது.
புதுக் கைகளுக்கு
எது யாருடைய சரக்கு என்று தெரியாது.
இறக்கு, உடை, தள்ளு.
குடல் பக்கம் கொஞ்சம், சிறுநீர்ப் பக்கம் கொஞ்சம்.

இரவு ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவியபின்
அவள் போட்டுக்கொள்ளும் சின்ன வெள்ளை மாத்திரையையும்
அந்தக் கைகள் உடைத்தன.
மறுநாள் இரவுவரை ரத்தத்தில் காவல் நிற்க வேண்டியது
பாதி வழியிலேயே ஆளைக் காணோம்.

அது ஏழாம் ஜன்னலில் வாங்கியது.
ஜெயசுதா கொடுத்தாள், பச்சைப் பதிவேட்டில் எழுதினாள்.
நான் கொடுத்ததை நீலப் பதிவேட்டில் எழுதினேன்.
நடுவே பதினெட்டடித் தாழ்வாரம்,
ஒரு தண்ணீர் கேன்,
சங்கிலியில் கட்டிய டம்ளர்.
பச்சையும் நீலமும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை,
மாதேஸ்வரியின் வலது விலாவுக்குக் கீழே தவிர.

நான்காம் மாதம் சளி சுத்தம்.
வாந்தி மட்டும் இருந்தது.
மருந்து அப்படித்தான் பிரட்டும் என்று
நானேதான் சொல்லி அனுப்பினேன்.

பிறகு பட்டையில் இரண்டு கோடு.
கிரானைட் லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்த திம்மராஜ்
தாழ்வாரம் அதிரக் கத்தினான்.
ஏற்கெனவே இரண்டு. இவளுக்கோ நெஞ்சில் சீக்கு.
ஒரு மாத்திரையை ஞாபகமாகப் போட வக்கில்லையா?
ஜெயசுதா தலை நிமிராமல்
'மாத்திரை தவறவிட்டவர்' என்று எழுதினாள்.

மாதேஸ்வரி வயர் கூடையிலிருந்து காலி அட்டைகளை எடுத்தாள்.
நான்கு.
ஒவ்வொரு குழியும் கிழிந்திருந்தது.
"ஒரு நாள்கூட மறக்கலீங்க மேடம்."

கண் இமைக்கும் நேரம்தான் ஒரு மாத்திரை
என்று இலக்கண வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.
'வேற ஏதாவது மாத்திரை போடறியாம்மா?'
எண்ணிப் பார்த்தேன்,
மெதுவாகக் கேட்டாலும்
மூன்று நான்கு இமைப்புதான் ஆகும்.

பச்சைப் பதிவேட்டை வாங்கி அந்த வரியை அடித்தேன்.
ஜெயசுதா முறைத்தாள்.
திம்மராஜிடம் கல்லீரல் என்று ஆரம்பித்ததும்
"நான் குடிக்கிறதே இல்லீங்க" என்றான்.
மண்டியைச் சொல்லி, லோடைச் சொல்லி,
கணக்குத் தெரியாத கூலிகளைச் சொன்னேன்.
காசநோய் மாத்திரை நின்ற பிறகும்
ஒரு மாதம்போல அவர்கள் கலைய மாட்டார்கள் என்றேன்.
லோடு ஏற்றுகிறவன். புரிந்தது.
அவள் பக்கம் திரும்பவில்லை,
ஆனால் கூடையைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"அப்போ தப்பு யார் மேல?"

மூணாம் ஜன்னல் என்றேன்.

அதன் முன்னால் அப்போது
பதினோரு பேர் சீட்டோடு நின்றிருந்தார்கள்.