ஆயாசம்

இன்ஸ்பெக்‌ஷன் நாள்.
ஏகாம்பரகுப்பத்திலிருந்து மூன்று வேன்,
பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து ஓர் ஓட்டை பஸ்.
விடியுமுன்னே வந்து இறங்கினார்கள்
எங்கள் நோயாளிகள்.
தலைக்கு இருநூறு ரூபாய், மதியம் பிரியாணி.
கட்டில் எண் எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு
சினிமாக் கொட்டகையில் இடம் தேடுவதுபோல்
வார்டு வார்டாகத் தேடினார்கள்.

மாடிப்படியில் நின்று பார்த்தேன்.
பார்க்காததுபோல் பார்க்க
ஆறு வருஷமாய் எனக்குப் பயிற்சி.
டீன் ஆகி ஆறு வருஷம்.

சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாய்ச் சேர்ந்தபோது
என் தெலுங்கு
பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான்.
ஒரு ராத்திரி, செங்கல் சூளைக்காரர் ஒருவர்
"ஆயாசம், ஆயாசம்" என்றார்.
களைப்பு என்று எழுதினேன்.
சத்து மாத்திரை கொடுத்தேன்.
நாலு மணிக்கு எழுப்பினார்கள்.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தார்.
"இந்த ஊர்ல ஆயாசம்னா மூச்சு வாங்குறது மேடம்,"
என்றாள் நர்ஸ் கிரேசம்மா.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பிறகு எம்.டி.
பெயருக்கு முன்னால் உதவி வந்தது, இணை வந்தது,
இரண்டும் உதிர்ந்து வெறும் பேராசிரியர்,
கண்காணிப்பாளர், பல்கலைக்கழக செனட்,
கழுத்து கொள்ளாத சால்வைகள்.
கையெழுத்துதான் வருஷா வருஷம் சுருங்கியது.
சுகந்தவல்லி என்று முழுசாய் எழுதியவள்
இப்போது பச்சை மையில் ஒரு வளைவு, ஒரு புள்ளி.
என் ஸ்டெதாஸ்கோப்
மூன்றாம் இழுப்பறையில் இருக்கவேண்டும்.
சாவி பி.ஏ.விடம்.

பத்து மணிக்குப் பெண்கள் வார்டு.
எல்லோரும் படுத்திருந்தார்கள்.
சிலர் நன்றாகவே முனகினார்கள்.
பதினேழாம் கட்டிலில் ஒருத்தி மட்டும்
உட்கார்ந்திருந்தாள்.
விசைத்தறிப் பெண், முடியில் பஞ்சு.
மதுசூதன் அதட்டினான்:
"ஏம்மா, பேஷண்ட் மாதிரி படு!"
"படுத்தா ஆயாசம் சார்."

நான்கு கட்டில் தாண்டிப் போய்விட்டேன்.
பாவம், களைப்பு, விடியற்காலையில் எழுந்த களைப்பு.
ஐந்தாவதில்
கால் நின்றது.

கடைசி வருஷப் பையன் ஒருவனிடம் கை நீட்டினேன்.
பதறிக் கழற்றியதில்
ஸ்டெதாஸ்கோப்போடு அடையாள அட்டையும் வந்தது.

பெயர் துரோபதம்மா.
இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னேன்,
அரை நிமிஷம் பொறுத்துக்கொள் என்றேன்.
முதல் ஒலி பலகையில் தட்டினாற்போல்.
பிறகு ஒரு சொடுக்கு.
அதன் பின்னால், அடியில்,
கதவு சாத்திய தறிக்கூடம்
தெருக்கோடியில் ஓடுகிற உறுமல்.

"சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"
"மூணாங்கிளாஸ்ல."
"குளிச்சு எத்தனை நாள்?"
என் காதருகே வந்தாள்.
"நாலு மாசம். அவர்கிட்ட சொல்லிடாதீங்க,
தெரிஞ்சா வேன்ல ஏத்தியிருக்க மாட்டாரு."

கட்டில் காலில் தொங்கிய கேஸ் ஷீட்டில்
அவளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்கள்:
சேர்த்த நாள் பதினான்கு. வயிற்றுப்போக்கு. தேறி வருகிறார்.
கிழித்தேன்.
ஆக்சிஜன், லாசிக்ஸ், எக்கோ, மகப்பேறு மருத்துவருக்கு ஆள்.
புதுத் தாளில்
நாள் பதினெட்டு. நேரம் காலை பத்து பன்னிரண்டு.
கீழே முழுப் பெயர்.
'வ' கொஞ்சம் கோணிக்கொண்டது.

மதுசூதன் குரலைத் தாழ்த்தினான்:
"மேடம், இந்த ஒரு தேதியைப் பார்த்தா
மத்த இருநூத்திப் பத்தையும் எடுத்துப் பார்ப்பாங்க.
சேர்மனுக்கு நான் என்ன சொல்ல?"

லிஃப்ட் திறக்கும் சத்தம்.
மூன்று ஜோடி ஷூ.
தாளை அவன் பக்கம் நீட்டவில்லை.

துரோபதம்மா மூக்குக் குழாயை ஓரமாய் ஒதுக்கி
என் புடவை நுனியைப் பிடித்தாள்.
"நெஜமாவே சேத்துட்டீங்கன்னா
அந்த இருநூறு
வருமா, வராதா?"