மூன்றாம் வரிசை

கோத்தகிரி பஸ்ஸில் பெள்ளிதான் சொன்னான்:
"காலு பேசினா
கோட்டு வாயை மூடணும்."

ஆகவே
பழுப்புக் கட்டம் போட்ட பேண்ட்டுக்கு மேல்
ஒரு கோடும் இல்லாத கருநீலக் கோட்டு.
காலரில் இன்னும் பாச்சா உருண்டை வாசம்.

பெட்ஃபோர்டில் இறங்கினேன்.
கவாத்து முடிந்து
கட்டம் கட்டமாய்ச் சரியும் தேயிலை,
அதன்மேல் வெறும் மூடுபனி.
மலைக்கு யார் சொன்னது?

ஏல அறையில்
இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும்
மேசை விழுங்கிவிட்டது.
டஸ்ட் நூற்றிப் பத்து, நூற்றிப் பன்னிரண்டு...
கோட்டை மட்டும் பார்த்த புரோக்கர் எட்வின்
குரலைத் தாழ்த்தி,
"யாரு தவறிட்டாங்க?" என்றார்.

தாகமில்லை.
எழுந்து
தண்ணீர்க் குடம்வரை
சுற்றுவழியாக
நடந்துபோய் வந்தேன்.
இரண்டு தடவை.