இருவரும் ஒருவரே

அண்ணனைப் பள்ளியில் சேர்த்தபோது
அப்பா பெயர் முனுசாமி.
என்னைச் சேர்ப்பதற்குள் சாமுவேல் ஆகியிருந்தார்.
இடையில் ஒரு ஞானஸ்நானமும்
ஏரி நிரம்பிய ஒரு மழைக்காலமும் நடந்திருந்தன.

அதனால் காகிதத்தில்
மு. ஏழுமலைக்கும் சா. சலோமிக்கும்
யாதொரு சம்பந்தமும் இல்லை.

வின்னிபெக்கில் எப்சிபா அண்ணி இறந்த பத்தாம் நாள்
அண்ணன் கேட்டான்: வர்றியா?
ஆறு மாசம் போதும். பிள்ளைங்க பழகுற வரைக்கும்.
எதற்குப் பழகுகிறவரை என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேரணாம்பட்டு தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை.
சத்துவாச்சாரிக்கு மூன்று, அதில் ஒன்று சும்மா:
அன்றைக்கு லோக்கல் லீவு.
முத்திரைத்தாளில் நோட்டரி தட்டச்சு செய்தார்:
'மேற்படி முனுசாமி, மேற்படி சாமுவேல்
இருவரும் ஒருவரே.'
செத்துப் பதினோரு வருஷம் கழித்து
அப்பா ஒருவராகச் சேர்ந்தார்.
நானூறு ரூபாய்.

ஆம்பூரில் நான் தைக்கிற மேல்தோல்
ஷூவாகி ஜெர்மனி போகிறது, இத்தாலி போகிறது.
பெட்டிக்குள் சின்னதாய் ஒரு சிலிக்கா பொட்டலம்,
அதற்கு அது போதும்.
திரும்பி வருவாயா என்று அதை யாரும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டார்கள்.
இங்கே உனக்கு என்ன இருக்கிறது?
வேலை என்று எழுதினேன். பி.எஃப். எண் எழுதினேன்.
ஏலச்சீட்டில் இன்னும் நாலு தவணை என்றேன்.
சீட்டெல்லாம் போடக் கூடாதுக்கா, என்றான்
கம்ப்யூட்டர் சென்டர் பையன்.
வேறு யோசித்தேன்.
கட்டம் காலியாகவே இருந்தது.

பதில் வந்தது.
அண்ணன் அங்கே இருக்கிறான் என்பதை ஏற்றுக்கொள்கிறோம்.
இங்கே யாரும் இல்லை என்பதையும்.
ஆகவே நீ திரும்புவாய் என்று நம்ப இடமில்லை.

ஏழு மாசம் ஓடி ஓடி நிரூபித்தேனே,
அதையே எடுத்து வைத்து அடித்தார்கள்.

கம்பெனி பஸ் ஆறேகாலுக்குக் கிளம்பும்.
அங்கே அப்போது காலை ஏழே முக்கால்.
முன்சீட்டில் கோமளா
பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
பின்னலை அவிழ்த்துத் தருவாள்.
ஷாகிரா போனைப் பிடித்துக்கொள்வாள்.
மூணாப் பிரிண்ணா. வலது நடுவுல. இப்ப இடது.
உமராபாத் வேகத்தடையில் என் கை நழுவினால்
அங்கே அவன் கையும் நிற்கும்.

ஜொவானாவின் முகத்தைவிட
அவள் பிடரிதான் எனக்குப் பழக்கம்.
இடது காதுக்குப் பின்னால் ஒரு சுழி,
அதில் முடி அடங்காது.

நேற்று அவள் சொன்னாள்,
இன்னும் டைட்டா, அத்தை.
பின்னிக்கொண்டிருப்பவனிடம் அல்ல, என்னிடம்.
இழுத்தேன்.

ஸ்... அம்மா, என்றாள் கோமளா.

அங்கே
பிள்ளை சட்டென்று திரும்பிப் பார்த்தது.