மூணு லிட்டர்

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் காகிதத்தில் பேனாவால் புள்ளி வைத்து
"கல்" என்றார் டாக்டர்.
நாலு மில்லிமீட்டர்.
அரிசியில் பொறுக்கிப் போடுகிறேனே, அந்த அளவுதான்.
மாத்திரைக்கு முன்னால் எழுதினார்:
தண்ணீர், தினம் மூணு லிட்டர்.
எப்போது குடிப்பது என்று எழுத
அந்தச் சீட்டில் இடமில்லை.

நாங்கள் குடிக்காமல் இருப்பது மறதியால் இல்லை.
குடித்தால் போகவேண்டும்.
போகவேண்டுமென்றால் அட்டை வேண்டும்.
நாற்பத்திரண்டு பேர் நிற்கும் லைனுக்கு
ஒரே ஒரு பச்சை அட்டை,
லைன் லீடர் ஹைமாவதியின் கழுத்தில்.
போய்வர ஆறு நிமிஷம்.
தொப்பியும் கோட்டும் கழற்றி மாட்டவே நாலு.
அதற்குள் என் இடத்தில்
சார்ஜர் மூடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
எனக்காகக் காத்திருக்கும், கோபமாக.

சரி, கணக்குப் போட்டேன்.
நாலு பத்துக்கு எழுந்ததும் ஒரு சொம்பு.
அது வீட்டிலேயே தீர்ந்துவிடும்.
வேனில் எளாவூர் தாண்டும்வரை ஒன்றும் கிடையாது,
தேசிங்கு அண்ணன் எமனுக்கும் வண்டி நிறுத்தமாட்டார்.
ஆரம்பாக்கம் முடிந்து
பலகையில் எழுத்துகள் உருண்டையாகிற இடத்தில்
இரண்டு மடக்கு.
தடா திருப்பத்தில் இன்னும் இரண்டு.
ஒன்பதரைக்கு டீ வேண்டாம், தண்ணீர்.
சாப்பாட்டு மணியில் அரை லிட்டர்,
அப்போது அட்டை கேட்க மாட்டார்கள்,
வரிசை மட்டும்தான்.

இரண்டாம் நாள்
கால்மேல் கால் பின்னி நின்றபடி
பதினொரு மூடியைத் தலைகீழாக மாட்டினேன்.
மூன்றாம் நாள்
பாட்டிலை வேனிலேயே மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்று ரெபேக்காவிடம் சொன்னேன்.
"நானெல்லாம் ஒட்டகம்டி" என்றாள் அவள்.
சுண்ணாம்புக்குளத்தில் ஒட்டகம் ஏது!

நாலாம் நாள் இரவு
இடுப்பில் யாரோ திருப்புளி வைத்துத் திருகினார்கள்.
ஐந்தாம் நாள் மறுபடி சொம்பு.

வியாழக்கிழமை.
மூன்றாவது தடவை அட்டை கேட்டுப் போய் நின்றேன்.
ஹைமாவதி கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
"நீள்ளு தாகாவா?" என்றாள்.
எனக்குத் தெரிந்த தெலுங்கு
எண்களும் திட்டுகளும்தான்.
தாகமா என்று கேட்கிறாள் போல என்று
"ஆமாம், ரொம்பத் தாகம்" என்றேன்.
அவள் "காது, காது" என்று
கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்துக் காட்டினாள்.
தண்ணீர் குடித்தாயா, அவ்வளவுதான் கேள்வி.
சூளூர்பேட்டையில் குடித்து முடித்ததற்கு இருக்கிற சொல்லை
நாங்கள் இந்தப் பக்கம்
குடிக்காததற்கு வைத்திருக்கிறோம்.

அப்போதுதான் அவள் உதட்டைப் பார்த்தேன்.
நடுவில் வெடித்து, ஓரத்தில் தோல் உரிந்து.
அவள் சொல்லையே திருப்பிப் போட்டேன்:
"மீரு தாகாரா?"

பதில் இல்லை.
காலையிலிருந்து அவள் கழுத்திலேயே தொங்குகிறது அட்டை.
அவள் போகவேண்டுமென்றால்
யாரிடம் கேட்பாள்?

கயிற்றைத் தலைவழியே கழற்றி
என் கழுத்தில் மாட்டிவிட்டு
"ரெண்டு நிமிஷாலு" என்று ஓடினாள்.
நான் அவசரத்தில் வந்தவள்
அவள் இடத்தில் நிற்கிறேன்,
அட்டையோடு, முழு வயிற்றோடு.
லைன் முழுக்க என்னைப் பார்க்கிறது.
ரெபேக்கா கையைத் தூக்கி
"லீடரம்மா, எனக்கு!" என்கிறாள்.
இந்த ஒட்டகத்தை என்ன செய்வது.

இன்றைய கணக்கு இரண்டே கால் லிட்டர்.
கல் கரைந்ததா தெரியாது,
அடுத்த ஸ்கேனுக்கு லீவு இன்னும் கேட்கவில்லை.
திரும்புகிற வேனில் எல்லோரும் தூங்குகிறார்கள்.
பலகையில் நம் எழுத்து வந்துவிட்டது.
பாட்டிலில் கால் பாகம் மிச்சம்,
வீட்டுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.
குடிக்கலாமா என்று
வயிற்றிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.