சுருக்குவதற்கு முன்

இந்த நிமிடம் தெரிகிறது.
பச்சைக் கோடு இருபது நொடிக்கு ஒருமுறை
ஓர் அடி எடுத்து வைக்கிறது.
'நேற்று' என்பதைத் தட்டினால் வெள்ளை.
'சென்ற வாரம்', அதே வெள்ளை.
கீழே தேதிகள் மட்டும் வரிசையாக,
ஆள் வராத பந்தியில் போட்ட இலைகள் போல.

ஆப்கிரேடு முடிந்து பதினோரு நாள்.
எல்லாம் நல்லபடி முடிந்ததென்று
நான்தான் மெயில் போட்டேன்.
ஷெனாய் கட்டைவிரல் தூக்கினார்.
ஒயிட்ஃபீல்டில் அன்று விடிகாலை மழை.
கேப் ஓட்டிய சித்தலிங்கா
"ஆய்த்தா சார்?" என்றான்.
ஆயிற்று என்றேன்.

ஆகவில்லை.

சர்வீஸ் ஓடுகிறது, பார்த்தாயிற்று.
நிறுத்தி மறுபடி ஓடவிட்டாயிற்று.
கடிகாரம் சரி. டிஸ்கில் இடம் இருக்கிறது.
பாஸ்வேர்டு மாறவில்லை.
உதவி எண்ணில் ஒருவர்
லாகை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.
வந்ததா என்று கேட்டேன்.
லாகை அனுப்பச் சொன்னார்.

இதற்கிடையில் ரெஹானா.
செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்கு மேல்
பில்லிங் சர்வர் மூச்சுத் திணறியது என்கிறாள்,
நாற்பது நிமிடம்.
ஷிஃப்டில் அவள் ஒருத்திதான்.
மூன்று பேருக்குப் போன் அடித்தாள்.
மூவரில் நானும் ஒருவன். யாரும் எடுக்கவில்லை.
தானே ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றி
விடிவதற்குள் நிமிர்த்தி வைத்தாள்.
வாடிக்கையாளர் கேட்பது வேறு:
யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?
ஷெனாய் கத்துகிறவர் இல்லை.
"கிராஃபில் ஒன்றும் இல்லையேம்மா" என்றார்.
எதுவுமே இல்லாத கிராஃபில்
அதுவும் இல்லை.

இன்று இரவு பத்தரைக்கு
டேட்டாபேஸுக்குள்ளேயே போய்ப் பார்த்தேன்.
ஐந்து நிமிடங்களை அரைமணியாக,
அரைமணிகளை இரண்டு மணியாக,
அவற்றை ஒரே ஒரு நாளாக
சுருக்கிச் சுருக்கி மேலே ஏற்றும் வேலைகள் மூன்று
இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.
வீடு மாற்றிய லாரியில்
யாரும் அவற்றை ஏற்றவில்லை.
அதனால்தான் எங்கும் ஒரு சிவப்புப் பிழையும் இல்லை.
இல்லாத வேலை எப்படித் தோற்கும்?

ஆனால் அடியில், முதல் அட்டவணையில்,
கட்டுப் பிரிக்காத தபாலாக
ஒன்றரைக் கோடி வரிசைகள்.
எல்லாம் வந்துதான் சேர்ந்திருக்கின்றன.

தேடினேன். செவ்வாய்.
நாலு ஐந்து: தொண்ணூற்றேழு.
நாலு பத்து: தொண்ணூற்றெட்டு.
நாலு பதினைந்து: நூறு.
நாலு இருபது: நூறு.
ஏறக்குறைய இந்த இடத்தில்தான் என் போன்
தலையணைக்கு அடியில் அதிர்ந்திருக்கும்.

வேலைகளைத் திரும்ப எழுத ஸ்கிரிப்ட் தயார்.
ஒரு பொத்தான்தான். அழுத்தினால்
நேற்று வரும், சென்ற வாரம் வரும்,
கோடு அழகாக வளைந்து வரும்.
செவ்வாய்க்கிழமை
முப்பத்தொரு சதவீதமாகிவிடும்,
மிக நல்ல நாள்.
பழைய ஐந்து நிமிடங்கள் கழிந்துபோகும்.
டிஸ்கில் இடம் வேண்டுமே.

அழுத்தவில்லை. முதலில்
எட்டு வரிசைகளை வெளியே எடுத்து வைத்தேன்.
கோப்புக்குப் பெயர் கேட்டது.
ரெஹானா என்று அடித்து, அழித்து,
செவ்வாய் என்று அடித்து, அழித்து,
மறுபடி ரெஹானா என்றே அடித்தேன்.
ஷெனாய்க்கு அனுப்பும்போது
ஒன்பதாவதாக ஒரு படம் சேர்த்தேன்:
என் போனில்
எடுக்காத அழைப்புகள், 4.19, 4.21, 4.33.

அப்புறம் பொத்தான்.

வெள்ளை இடப்பக்கமிருந்து நிரம்பியது,
புதன், வியாழன் என்று ஒவ்வொன்றாக.
செவ்வாய் வந்தபோது உற்றுப் பார்த்தேன்.
மேடு இல்லை, பள்ளம் இல்லை,
வழித்துவிட்ட சாலை மாதிரி இருந்தது.
ஒயிட்ஃபீல்டில் ஆறு வருடமாக இருக்கிறேன்,
அப்படி ஒரு சாலையை
இங்கே நான் பார்த்ததில்லை.