பட்டை போகும் வழி

உட்காருங்கள், நில்லுங்கள், குனியுங்கள் என்றார் தாதி ஹிதாயா.
வயிற்றில் மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டுமாம்.
என்ன வேலை?
பஸ் ஓட்டுகிறேன்.
அப்படியென்றால் ஓட்டுகிற மாதிரி உட்காருங்கள்.

இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.
வலது கால் இல்லாத பிரேக்கில்.
இருக்கைப் பட்டை எந்த வழியாகப் போகும்?
விரலால் இழுத்துக் காட்டினேன்.
அதற்குக் கொஞ்சம் மேலே, வலப்பக்கம்,
ஊதாப் பேனாவால் ஒரு பொட்டு.
குளிக்கும்போது தேய்த்துவிடாதீர்கள்.

பதினோரு வருடம்
இந்தத் தீவைக் கழிவறைகளால் அறிந்தவள் நான்.
எந்தக் காப்பிக்கடையில் இருபது காசு,
எங்கே தாழ்ப்பாள் விழாது,
எந்த இண்டர்சேஞ்சில் ஓட்டமாய் எத்தனை அடி.
எழுபது நிமிடத் தடத்தில்
ஐம்பதாவது நிமிடம், உட்லண்ட்ஸ் ரோட்டில்,
பல்லைக் கடித்துக்கொண்டு
பச்சை விளக்குக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன்.
ஸ்டீராய்டில் முகம் ஊதியபோது
"கொஞ்சம் சதை போட்டிருக்கே, நல்லாருக்கு" என்றாள்
தேக்கா சந்தையில் ஒருத்தி.

முதல் நாள் இரவு
அறவாழி பொட்டைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
நகவெட்டியைத் தேடி எடுத்து
என் கால் நகங்களை வெட்டிவிட்டான்.
இனிக் கொஞ்ச நாள் குனிய முடியாதே.

விழித்தபோது
சிவப்பாய், ஈரமாய்,
என் உள் ஒன்று வெளியே.
அதற்கு நரம்பில்லை, தொட்டால் வலிக்காது என்றார்கள்.
மூன்று நாள் கூரையையே பார்த்துக் கிடந்தேன்.
நான்காம் நாள், டாக்டர்கள் சுற்றி நிற்கையில்,
அது வாய்விட்டுப் பேசியது.
பக்கத்துக் கட்டில் மேடம் சியூ
"நான்தான், மன்னிக்கணும்" என்றார்.

வீட்டில்
முப்பத்திரண்டு மில்லிமீட்டர் வட்டம்,
வளைந்த கத்தரிக்கோல்.
மாற்றுவதற்கு முன் இரண்டு மார்ஷ்மெல்லோ, கெட்டிப்படும்.
நாற்பத்தேழு வயதில்
காலை ஆறு மணிக்குக் குளியலறையில் நின்று
மிட்டாய் மென்றபடி என் குடலுக்குக் காத்திருக்கிறேன்.

ஒருநாள் விடியற்காலை மூன்றுக்குப் பிசின் விட்டது.
மெத்தை, இரவுடை, அவன் கை.
பன்னிரண்டாம் மாடி மூங்கில் கழியில்
இருட்டோடு தொங்கிய விரிப்பை
எதிர் புளோக் பார்த்திருக்கும்.
பார்க்கட்டும்.

நோய் போய்விட்டதா என்கிறார்கள்.
வீட்டைத்தான் இடித்தோம்.
குடியிருந்தவன் ஊருக்குள்தான் இருக்கிறான்.
மழைக்கு முன் முட்டியில் வந்து தட்டுவான்.
அவனுக்கான ஊசி ஃபிரிட்ஜில்,
தயிருக்குப் பக்கத்தில்.

நான்காம் மாதம்
பட்டையை இழுத்து மாட்டினேன்.
அது தன் வழியில் போயிற்று.
ஐம்பதாவது நிமிடம். சிவப்பு விளக்கு.
பையில் இளஞ்சூடு இறங்க,
வயிறு நீளமாய் ஏதோ சொன்னது.
முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற பள்ளிப் பையன்
திரும்பிப் பார்த்தான்.
"ஆன்ட்டி, பசிக்குதா?"

விளக்கு மாறிவிட்டது.
ஆமாம் என்றேன்.